ஆற்றைக் கடந்த பெட்டி

மாஸ், வால் என்ற இரண்டு பெரிய ஆறுகள் கூடுகிற முனையில் நிற்கிறது லூவஸ்டைன் கோட்டை. வவுட்ரிக்கம் என்ற பழைய ஊரின் துறையில் இருந்து ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சின்னப் படகு ஒன்று அங்கே போகிறது. வானம் தாழ்ந்து கிடக்கும் நாடு நெதர்லாந்து. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீரும் புல்லும்தான். மணல் ஏற்றிய நீளமான சரக்குப் படகுகள் அவசரமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. வடகரையில் கோரிங்கெம் ஊரின் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1621ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, ஐரோப்பாவின் தலைசிறந்த சட்ட அறிஞர் ஒருவர் இந்தத் தண்ணீரை ஒரு புத்தகப் பெட்டிக்குள் சுருண்டு படுத்தபடி கடந்து போனார்.

அவர் பெயர் ஹ்யூகோ குரோஷியஸ். 1583இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்து, 11 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அவரைச் சிறைக்குள் தள்ளியது ஓர் இறையியல் சண்டை. கடவுள் யாரைக் கரையேற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாரா, மனித விருப்பத்துக்கு அதில் இடம் உண்டா? இதை வைத்து லைடனின் இரண்டு பேராசிரியர்கள் மோதினார்கள். மனித விருப்பத்துக்கு இடம் தந்தவர் ஆர்மினியஸ். அவரைப் பின்பற்றியவர்கள் 1610இல் அரசுக்கு ஒரு முறையீடு கொடுத்தார்கள். அதனால் ரிமான்ஸ்ட்ரன்ட்கள் என்று பெயர் பெற்றார்கள். வகுப்பறையில் தொடங்கியது தெருவுக்கு வந்தது, அங்கிருந்து அரண்மனைக்குப் போனது. மதச் சண்டையில் கடைசிச் சொல் யாருடையது, தேவாலயத்துடையதா, மாகாண அரசுடையதா, படை வைத்திருக்கும் இளவரசருடையதா என்ற கேள்வியாக அது மாறிவிட்டது. இளவரசர் மௌரிட்ஸ் வென்றார். நாட்டைக் கட்டியெழுப்பிய மூத்த அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்டை 1619 மே 13ஆம் தேதி, 71 வயதில், ஹேக் நகர அரண்மனை முற்றத்தில் தலைவெட்டிக் கொன்றார்கள். அவர் பக்கம் நின்ற குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை. லூவஸ்டைனுக்கு அனுப்பினார்கள்.

கோட்டைக்குள் அவர் இருந்த அறையில் நான் நின்றேன். சுவர் அத்தனை தடிமன். சன்னல் வழியே ஆறு தெரிகிறது. அடைபட்டவனுக்கு அதைவிடக் கொடுமையான காட்சி இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி மரியா வான் ரைகெர்ஸ்பெர்க் சிறைக்குள்ளேயே வந்து கணவருடன் வாழ்ந்தார். படிக்கப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கினார்கள். கோரிங்கெமில் டாட்செலார் என்ற குடும்பம் இவர்களுக்கு வேண்டியவர்கள். அங்கிருந்து பெட்டி நிறையப் புத்தகங்கள் வரும். படித்து முடித்தவை அதே பெட்டியில் திரும்பிப் போகும். தொடக்கத்தில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் திறந்து துழாவினார்கள். மாதங்கள் போகப் போக அவர்களுக்குச் சலித்துவிட்டது. மரியா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பெட்டிக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கக் கணவர் பழகிக்கொண்டார். கோட்டைத் தளபதி ஊரில் இல்லாத நாள் ஒன்று வாய்த்தது.

பெட்டியோடு போக நம்பிக்கையான ஆள் வேண்டும். மரியா வெளியேறினால் சந்தேகம் வரும். எல்ஸ்யே வான் ஹவ்வெனிங் என்ற இளம் பணிப்பெண் போகிறேன் என்றார். பிடிபட்டால் அவருக்காகப் பேச இந்த உலகில் எந்த அறிஞரும் வரப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் போனார். தூக்கிய சிப்பாய்கள் பெட்டி ஏன் இத்தனை கனம் என்று முனகினார்களாம், புத்தகம் கனக்கத்தானே செய்யும் என்று பதில் கிடைத்ததாம். படகில் பெட்டி நழுவாதபடி கயிற்றால் கட்டச் சொன்னவரும் எல்ஸ்யேதான். உள்ளே 37 வயது மனிதர் ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தார். அக்கரையில் பெட்டியைத் திறந்து, அவருக்குக் கொத்தனார் உடையை மாட்டி, கையில் அளவுகோலைக் கொடுத்து, சந்தைக் கூட்டத்தின் நடுவே நடத்திக் கூட்டிப்போய்ப் படகேற்றினார்கள். ஆண்ட்வெர்ப் சேர்ந்து, பிறகு பாரிஸ். மரியா கோட்டையிலேயே இருந்து, கணவர் காய்ச்சலில் படுத்திருப்பதாகக் காவலர்களை நம்பவைத்தார்.

லூவஸ்டைனில் ஒரு பெட்டி காட்சிக்கு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்திலும் டெல்ஃப்டிலும்கூட இதே பெட்டி என்று ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள். எது உண்மையானது என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. பெட்டியின் பக்கத்தில் நின்று, என் முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். எல்ஸ்யே பிற்பாடு குரோஷியஸின் பணியாளரையே மணந்தார். அந்தப் பணியாளர், சிறைக்குள் குரோஷியஸிடமே சட்டம் படித்து வழக்கறிஞரானவர். அடைத்துவைத்த அறையில் எஜமானரும் பணியாளரும் எதிரெதிரே உட்கார்ந்து சட்டம் பயின்ற அந்த மாலைகளைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும்.

பாரிஸில் குரோஷியஸ் எழுதி 1625இல் வெளியிட்ட ‘போர், சமாதானம் ஆகியவற்றின் சட்டம்’ என்ற லத்தீன் நூல்தான் அவரை உலகத்துக்குச் சொந்தமாக்கியது. மனிதன் கூடிவாழும் இயல்புள்ளவன். அந்த இயல்பில் இருந்தே நீதி பிறக்கிறது. கடவுளே இல்லை என்றோ, மனித விவகாரங்களில் அவருக்கு அக்கறையில்லை என்றோ ஒருவேளை ஒப்புக்கொண்டால்கூட அந்த நீதி ஓரளவு செல்லுபடியாகும் என்று எழுதினார். அப்படி ஒப்புக்கொள்வது பெரும் பாவம் என்றும் உடனே சேர்த்துக்கொண்டார், பக்தர் அவர். ஆனால் கதவு திறந்தது திறந்ததுதான். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் முப்பது ஆண்டு வெட்டிக்கொண்டு செத்த காலத்தில், எந்த வேதத்தை நம்புகிறவனும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொதுத்தரை கிடைத்தது. உரிமை என்பது அரசன் இரங்கிக் கொடுப்பது என்ற நிலை மாறி, ஆள் பிறக்கும்போதே கூடவருவது என்ற பேச்சு அந்தத் தரையில் நின்றுதான் எழுந்தது.

டெல்ஃப்டின் புதிய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. வெளியே சந்தைச் சதுக்கத்தில் 1886இல் வைத்த சிலை. என்னோடு அன்று வந்தவர், ஹேக்கில் மகளோடு வாழும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். கொழும்பில் வழக்கறிஞராக இருந்தவர். சிலையைப் பார்த்ததும் கால் வலியை மறந்து நின்றுவிட்டார்.

“தம்பி, சட்டக் கல்லூரியில நாங்கள் இவரைப் பாடமாப் படிச்சனாங்கள். காணி வழக்கு, நட்டஈட்டு வழக்கு எண்டால் இவரின்ர பேர் வராமல் போகாது.”

“இலங்கையிலயா ஐயா, இன்றைக்குமா?”

“இன்றைக்கும்தான். வெள்ளைக்காரன் வந்த பிறகும் ஒல்லாந்தர் சட்டத்தை எடுக்கேல்லை. அந்தப் புத்தகத்தை இவர் மறியலுக்குள்ள இருந்து எழுதினவர். அதை எங்கட வாத்தியார் சொல்லேக்குள்ள வகுப்பே அமைதியாப் போச்சு.”

அவர் சொன்னது, ஹாலந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுகமாக குரோஷியஸ் லூவஸ்டைனில் டச்சு மொழியிலேயே எழுதிய நூலை. 1631இல் அச்சானது. லத்தீன் தெரியாத குடிமகனும் தன் சட்டத்தை அறிய வேண்டும் என்று தாய்மொழியில் எழுதப்பட்டது. ரோமன் டச்சுச் சட்டம் இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் நிலைத்ததால், அந்தக் கற்சுவர் அறையில் எழுதிய வரிகளை இந்துமாக்கடல் ஓரத்து நீதிமன்றங்கள் இன்னும் புரட்டுகின்றன.

அதே சதுக்கத்தில் இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தது, பெரியவரிடமும் சொன்னேன். குரோஷியஸ் 25 வயதில் ‘சுதந்திரக் கடல்’ என்ற சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார்; ஆண்டு 1609. கீழைநாட்டுக் கடல் எங்களுக்கே சொந்தம் என்ற போர்ச்சுக்கல்லின் உரிமைக்கோரலை அது தவிடுபொடியாக்கியது. இந்தியாவிலும் கிழக்குத் தீவுகளிலும் வாழ்பவர்களுக்குத் தங்கள் அரசர்கள் உண்டு, சட்டம் உண்டு, சொத்து உண்டு. கிறிஸ்தவர்கள் அல்ல என்பதற்காக அதைப் பறிக்க முடியாது என்று வாதாடியது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்த வாதம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுதப்பட்டது. 1613இல் ஆங்கிலேயர்களோடு பேச்சு நடத்த லண்டன் போன குரோஷியஸ், தீவு மக்கள் கம்பெனிக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், ஆகவே வேறு யாரும் அங்கே வாங்கக் கூடாது என்று வாதிட்டார். ஆங்கிலேயர்கள் ‘சுதந்திரக் கடல்’ நூலையே எடுத்து அவர் முன் நீட்டினார்கள்.

அந்த ஆண்டில்தான் பழவேற்காட்டில் கம்பெனியின் ஹெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் நெசவுத்துணி அங்கிருந்து கப்பலேறியது. பஞ்சத்திலும் போரிலும் விலைபோன மனிதர்களும் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து பட்டாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் வந்தவர்களின் பெயர்கள். அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. குரோஷியஸின் 1625ஆம் ஆண்டு நூலிலேயே, ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள முடியும், அதுபோல ஒரு மக்கள் கூட்டம் தன்னை முழுதாக ஓர் அரசனிடம் ஒப்படைத்துவிடவும் முடியும் என்று எழுதியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ரூசோ கோபத்தோடு பிடித்து உலுக்கியது அந்த இடத்தைத்தான்.

டெல்ஃப்டில் பிரின்சன்ஹோஃப் மாளிகைச் சுவரில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஓட்டைகள் இருக்கின்றன. 1584 ஜூலை 10ஆம் தேதி விடுதலைப் போரின் தலைவர் வில்லியம் அங்கேதான் சுடப்பட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1581 ஜூலை 26 அன்று, இந்த மாகாணங்கள் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பை இனி எங்கள் அரசன் இல்லை என்று எழுத்தில் தள்ளிவைத்திருந்தன. குடிமக்களுக்காகத்தான் அரசன், அரசனுக்காகக் குடிமக்கள் இல்லை; காக்க வேண்டியவன் ஒடுக்கினால் அவனை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடலாம் என்பது அந்த ஆவணத்தின் சாரம். தத்துவவாதிகள் பிறகுதான் வந்தார்கள். துணி வணிகர்களும் நகரசபைக்காரர்களும் உயிரைப் பணயம் வைத்துச் செய்துவிட்ட ஒரு காரியத்துக்கு, ஏன் அது சரி என்ற காரணத்தை நூறு ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் ஹெய்லிகவெக் என்ற கடைத்தெருவில், வணிக வளாகம் ஒன்றின் வாசலாக ஒரு பழைய கல் வளைவு நிற்கிறது. மரக்கட்டை ஏற்றிய வண்டியைக் காட்டு விலங்குகள் இழுக்க, ஒருவன் சாட்டையை ஓங்கும் சிற்பம் அதில் உண்டு. ராஸ்ப்ஹவுஸ் சிறையின் வாசல் அது. கைதிகள் பிரேசில் மரத்தை அரத்தால் ராவிச் சாயப்பொடி எடுத்துக்கொடுக்க வேண்டும். 1668இல் அட்ரியான் கூர்பாக் என்ற மருத்துவரை, மதத்தைப் பழித்து எழுதினார் என்று பத்தாண்டு தண்டனை கொடுத்து இங்கே அனுப்பினார்கள். அவர் எழுதியது அகராதி வடிவில் ஒரு நூல், டச்சு மொழியில். அறிஞர்கள் தங்களுக்குள் லத்தீனில் பேசிக்கொண்டவரை அதிகாரிகள் கொஞ்சம் கண்டும் காணாமல் இருந்தார்கள். மீன் விற்பவரும் தச்சரும் படிக்கும் மொழியில் வந்தபோது பொறுக்கவில்லை. கூர்பாக் அடுத்த ஆண்டே காவலில் இறந்துபோனார். பைகளோடு வெளியே வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு வழிவிட்டு, அந்த வளைவின் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். தாய்மொழியில் எழுதுகிற யாருக்கும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

கூர்பாக்கின் நண்பர் தத்துவவாதி பாரூக் ஸ்பினோசா. 1656 ஜூலை 27ஆம் தேதி, 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவரோடு பேசக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று சாபத்தோடு. நகர மன்றத்துக்கு அருகே, ஸ்வானன்பர்க்வால் கால்வாயோரம், 2008இல் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். நீண்ட அங்கி, அதன் மேல் ரோஜாக்கள், சிட்டுக்குருவிகள், பச்சைக்கிளிகள். கிளிகளைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கழுத்தில் வளையம் போட்ட நம் பச்சைக்கிளியேதான். கூண்டில் வந்து, தப்பிப்போய், ஆம்ஸ்டர்டாம் பூங்காக்களில் பெருகிவிட்ட இனம் அது. வெளியில் இருந்து வந்து குடியேறியவர்களின் அடையாளமாகச் சிற்பி அதை எடுத்திருக்கிறார். ஸ்பினோசாவின் குடும்பமும் மத விசாரணைக்குத் தப்பி போர்ச்சுக்கல்லில் இருந்து வந்ததுதானே. அரசின் நோக்கமே சுதந்திரம் என்ற அவர் கருத்தைப் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். உயிரோடிருந்தபோது அந்தக் கருத்தைத் தன் பெயரில் அச்சிட அவரால் முடியவில்லை. 1670இல் வந்த அவர் நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊர் ஹாம்பர்க் என்று போட்டிருந்தது. உண்மையில் ஆம்ஸ்டர்டாமில் யான் ரியூவெர்ட்ஸ் என்ற பதிப்பாளர் வெளியிட்டது. 1674இல் ஹாலந்து நீதிமன்றம் அதைத் தடை செய்தபோது, ஹாப்ஸின் ‘லெவியதன்’ நூலையும் சேர்த்தே தடை செய்தது. அரசனிடம் முழு அதிகாரத்தையும் தந்துவிடச் சொன்னவரும், சிந்தனையை யாரும் யாருக்கும் தந்துவிட முடியாது என்றவரும் ஒரே உத்தரவில் மாட்டினார்கள். இருவருமே அரசின் வேரை வானத்தில் தேடாமல் மண்ணில் தேடினார்கள் என்பதை நீதிபதிகள் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

கெய்சர்ஸ்க்ராக்ட் கால்வாயில் ‘சிவப்புத் தொப்பி’ என்று பெயர் கொண்ட கட்டடம் இருக்கிறது. முகப்பைப் பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே 1630இல் ரிமான்ஸ்ட்ரன்ட்கள் கட்டிய தேவாலயம், மாடிமாடியாக மரத்தளங்கள். வழிபாடு நடத்தலாம், ஆனால் தெருவில் இருந்து தேவாலயம் என்று தெரியக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. குரோஷியஸ் எந்தக் கூட்டத்துக்காகச் சிறை போனாரோ அதே கூட்டம். அதன் போதகரும் பேராசிரியருமான பிலிப் வான் லிம்போர்க்கை 1684 சனவரியில் ஓர் ஆங்கிலேய மருத்துவர் சந்தித்தார். கடுங்குளிரில் செத்துப்போன பெண் சிங்கம் ஒன்றை அறுத்துப் பார்க்க ஊர் மருத்துவர்கள் கூடிய இடத்தில் இருவருக்கும் அறிமுகம். அந்த ஆங்கிலேயர் ஜான் லாக்.

இங்கிலாந்தில் மன்னருக்கு எதிரான சதியில் சேர்ந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டு ஓடிவந்தவர் அவர். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 1683 டிசம்பரில் ஆல்ஜெர்னன் சிட்னி என்ற பிரபு தலைவெட்டப்பட்டார். தேசத்துரோகத்தை நிரூபிக்க இரண்டு சாட்சி வேண்டும், கிடைத்தது ஒன்றுதான். சிட்னியின் மேசையில் இருந்த அச்சாகாத கைப்பிரதியையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். எழுதிவைத்தாலே கழுத்துப் போகும் காலம். 1685இல் இங்கிலாந்து அரசு ஒப்படைக்கக் கேட்ட பட்டியலில் லாக்கின் பெயரும் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் எக்பெர்ட் வேன் என்ற முதிய மருத்துவர் அவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். லாக் தன் பெயரை டாக்டர் வான் டெர் லிண்டன் என்று மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டில்தான் பிரான்சில் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தான்; அகதிகள் கூட்டம் கூட்டமாக ஹாலந்துக்குள் வந்தார்கள். ஒளிந்திருந்த அறையில் லாக், லிம்போர்க்குக்கு எழுதிய கடிதமாக மதப் பொறையைப் பற்றி எழுதினார். அரசு காக்க வேண்டியது உயிர், உடல், உடைமை, சுதந்திரம் ஆகியவற்றை. ஆன்மாவை மீட்பது அதன் வேலை இல்லை. அடித்து ஒருவனைப் பணியவைக்கலாம், நம்பவைக்க முடியாது. கடிதம் 1689இல் கௌடா நகரில் பெயரில்லாமல் அச்சானது. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர் அது. இந்தக் கடிதத்துக்காகவும் அந்த ஊரை உலகம் நினைக்க வேண்டும் என்பேன். நாத்திகனுக்கு அந்தப் பொறையில் லாக் இடம் தரவில்லை; அது எனக்கு இன்னும் நெருடுகிறது.

ஆட்சியாளர் மக்களின் நம்பிக்கையைப் பெற்று நடக்கிறவர். அதை முறித்தால் அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடும் என்று சொன்ன ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுகள்’ நூலும் 1689இல் வந்தது. நண்பர்கள் கேட்டபோதுகூட அது தன்னுடையது என்று லாக் ஒப்புக்கொண்டதில்லை. 1704இல் சாவதற்குச் சற்று முன் உயிலின் பிற்சேர்க்கையில்தான் எழுதிவைத்தார். அமெரிக்காவின் 1776ஆம் ஆண்டு பிரகடனத்தில் அந்த நூலின் குரல் கேட்கிறது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் பங்கு வைத்திருந்ததையும் இதே மூச்சில் சொல்லாவிட்டால் அது அரைகுறைப் பேச்சு.

லைடனை ஒட்டிய ரெய்ன்ஸ்பர்கில் 1661 முதல் 1663 வரை ஸ்பினோசா குடியிருந்த சிறு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அவர் வில்லை தீட்டிய கருவியைப் போன்ற ஒன்று அங்கே இருக்கிறது. இறந்தபின் எடுத்த பட்டியலை வைத்து, அவரிடம் இருந்த புத்தகங்களின் அதே பதிப்புகளைத் தேடிச் சேர்த்து அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். நூற்றறுபது அளவில் இருக்கும். நாஜிகள் 1942இல் அவற்றை அள்ளிப்போனார்கள். போர் முடிந்து திரும்பி வந்தன. 1920இல் ஐன்ஸ்டைன் வந்து வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டார். அந்த அலமாரியின் முன் பேசவே தோன்றவில்லை எனக்கு.

ஹேக்கில், பாராளுமன்ற வளாகத்துக்கு எதிரே, சிறைவாசல் என்ற பழைய கட்டடம். 1672 ஆகஸ்ட் 20ஆம் தேதி, குடியரசை நடத்திவந்த யோஹான் டி விட்டையும் அண்ணன் கார்னெலிஸையும் அங்கிருந்து இழுத்து வந்து கும்பல் கொன்றது. உடல்களை அறுத்து விற்றது. யோஹானின் நாக்கும் கார்னெலிஸின் விரலும் என்று இரண்டு உலர்ந்த துண்டுகள், அருகிலேயே உள்ள நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. கருத்துப்போய், சுருங்கி, சுண்டு விரல் நீளத்துக்கு. மக்களாட்சியை நேசிப்பவர் மக்களைக் கும்பலாகப் பார்க்க நேரும் துயரத்தை அந்தக் கண்ணாடியின் முன் உணர்ந்தேன். ஸ்பினோசா அன்று இரவே, காட்டுமிராண்டிகளிலும் கடையர்களே என்று எழுதிய தட்டியைக் கொலை நடந்த இடத்தில் வைக்கக் கிளம்பினாராம். வீட்டுக்காரர், ஓவியர் வான் டெர் ஸ்பெய்க், கதவைப் பூட்டிவிட்டார். இதை ஸ்பினோசாவே பின்னாளில் தத்துவவாதி லைப்னிட்ஸிடம் சொல்லியிருக்கிறார். பவில்யூன்ஸ்க்ராக்டில் அந்த வீடு இன்னும் நிற்கிறது. அந்தக் கதவைப் பூட்டிய கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்பினோசா அரசியலைப் பற்றிக் கடைசி நூலை எழுதத் தொடங்கினார். முடியாட்சி, பிரபுக்களாட்சி என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றிலும் இயல்பானது என்று தான் கருதிய மக்களாட்சிக்கு வந்தார். 1677 பிப்ரவரி 21ஆம் தேதி, 44 வயதில் இறந்தார். எழுதியவை எல்லாம் மேசைக்குள் இருந்தன. அவர் சொல்லிவைத்தபடி வீட்டுக்காரர் மேசையைப் பூட்டிப் படகேற்றி ஆம்ஸ்டர்டாமில் ரியூவெர்ட்ஸுக்கு அனுப்பிவைத்தார். அந்த ஆண்டுக் கடைசிக்குள் அச்சாகிவிட்டது. பணிப்பெண், வீட்டுக்காரர், மருத்துவர், பதிப்பாளர் என்று இவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தங்கள் பங்கைச் செய்திருக்காவிட்டால், இந்த நூல்களில் பாதி நம் கைக்கு வந்திருக்காது.

அந்தக் கடைசி நூல் மக்களாட்சி அத்தியாயத்தின் நான்காவது பத்தியில் நின்றுவிடுகிறது. அந்தப் பத்தி எதைப் பற்றியது தெரியுமா? பெண்களுக்கு ஏன் வாக்கு இருக்கக் கூடாது என்பதைப் பற்றி. சற்று முன்பே பணியாளர்களையும் விலக்கிவைத்துவிட்டார். அந்தக் கணக்கில் மரியா, எல்ஸ்யே இருவருமே வெளியே. சிந்தனையில் அத்தனை தூரம் நடந்த மனிதர் இந்த வாசல்படியில் தடுக்கி நின்றதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடத் துக்கமே வந்தது.

அவர் விட்ட இடத்தில் இருந்து மேற்கொண்டு எழுதியவர்கள் வேறு ஆட்கள். நெதர்லாந்தின் முதல் பெண் மருத்துவர் அலெட்டா யாகோப்ஸ், 1883இல் தன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கேட்டார். வரி கட்டும் குடிமக்களுக்கு வாக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆண் என்று எங்கும் சொல்லவில்லை. நான் வரி கட்டுகிறேன் என்று வாதாடினார். நீதிமன்றங்கள் மறுத்தன. 1887இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ‘ஆண்’ என்ற சொல்லை நுழைத்தார்கள். ஒரு பெண்ணின் விண்ணப்பத்துக்குப் பயந்து ஒரு நாடு தன் அரசியல் சட்டத்தையே மாற்றியது. அவர் விடவில்லை, இயக்கம் கட்டினார், ஊர் ஊராகப் பேசினார், கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்தார். 1919இல் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அந்நாட்டுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் 1922இல் நடந்தபோது அலெட்டாவுக்கு 68 வயது.